பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் தேவையா? ஒரு நாற்பது வருடப் பஞ்சாயத்து

(பதிவு கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு உட்காருவது உத்தமம்.)

ஒரு பைக்கின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு ஷாக் அப்சார்பர்களின் அடியிலும் படிக்கட்டு மாதிரி வெட்டிய ஒரு இரும்பு வளையம் இருக்கும். பெரும்பாலும் ஐந்து படி. டூல் கிட்டில் தூங்கும் கொக்கி மாதிரியான ஸ்பானர் இதைத் திருப்பத்தான் கொடுக்கப்படுகிறது. ஆனால் நம் ஊரில் பெரும்பாலான வண்டிகளில் ஷோரூமை விட்டு வந்த அன்று அந்த வளையம் எந்தப் படியில் இருந்ததோ, வண்டியை விற்கிற அன்றும் அதே படியில்தான் இருக்கும். தனியாக ஆபீஸ் போனாலும் அதே படி, மனைவி, குழந்தை, ஒரு மூட்டை அரிசியோடு போனாலும் அதே படி.

அந்தச் சின்ன வளையம் வருவதற்கு முன்னால் ஒரு பெரிய சண்டை நடந்திருக்கிறது. 'பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்தால் வண்டி சொகுசாகப் போகும், ஆனால் வளைவில் ஆளைத் தூக்கி எறியும்' என்று ஐரோப்பாவும் அமெரிக்காவும் சுமார் நாற்பது வருடம் நம்பிக்கொண்டிருந்தன. சாதாரண ஆட்கள் அல்ல, ரேஸ் ஜெயித்தவர்கள், கம்பெனி நடத்தியவர்கள், பத்திரிகையில் எழுதியவர்கள் எல்லோரும்தான். அந்த நம்பிக்கை எப்படி வந்தது, எப்படி உடைந்தது என்பதுதான் விஷயம். (இதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு, அது பிறகு.)

முதலில் ஆரம்பத்துக்குப் போவோம். 1885-ல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லர் செய்த வண்டியைத்தான் முதல் மோட்டார் சைக்கிள் என்கிறார்கள். மரச் சட்டம், மரச் சக்கரம், ஸ்பிரிங் என்ற பேச்சே இல்லை. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் இன்ஜின் மாட்டிய சைக்கிள்கள். சைக்கிளுக்கு ஏது சஸ்பென்ஷன்? சீட்டுக்கு அடியில் இரண்டு சுருள் கம்பி, அவ்வளவுதான். வேகம் கூடக் கூட முன்பக்கம் கை நடுங்க ஆரம்பித்தது. ஹேண்டில்பாரைப் பிடிக்க முடியவில்லை என்றதும் 1900-களிலேயே முன் ஃபோர்க்குக்கு ஸ்பிரிங் வந்துவிட்டது. ஹார்லி டேவிட்சன் 1907-லேயே ஸ்பிரிங் வைத்த முன் ஃபோர்க்குக்கு மாறிவிட்டது. இங்கிலாந்தில் கர்டர் ஃபோர்க் எனப்படும் கிராதி மாதிரியான அமைப்பு பரவியது.

பின்சக்கரத்தை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. 'அங்கேதான் சீட்டில் ஸ்பிரிங் இருக்கிறதே' என்பது பதில்.

கண்டுகொண்டவர்களும் இருந்தார்கள். அமெரிக்காவின் இந்தியன் கம்பெனி (பெயர்தான் இந்தியன், நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை) 1913-லேயே பின்சக்கரத்தை ஒரு கீல் வைத்த சட்டத்தில் பொருத்தி, மேலே பட்டை ஸ்பிரிங் வைத்து விற்றது. நம் ஊர் வில் வண்டியில் மாட்டின் பின்னால் சொகுசாக உட்கார்ந்து போக உதவிய அதே வில்தான். இன்றைக்கு எல்லா பைக்கிலும் இருக்கும் ஸ்விங் ஆர்மின் தாத்தா என்று அதைத் தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அந்தச் சமாச்சாரம் நிலைக்கவில்லை. இந்தியன் கம்பெனியே அதைக் கைவிட்டு மறுபடி ஸ்பிரிங் இல்லாத கெட்டிச் சட்டத்துக்குத் திரும்பியது. அவர்களுடைய பெரிய வண்டிகளுக்குப் பின் சஸ்பென்ஷன் மீண்டும் வர 1940 ஆகிவிட்டது. ஹார்லி இன்னும் மெதுவு. பெரிய ஹார்லி வண்டிகளுக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர் வந்த வருடம் 1958!

ஏன் இந்தத் தயக்கம்? எல்லாம் கம்பெனிகளின் கஞ்சத்தனம் என்று சொல்லிவிடலாம். அதிலும் பாதி உண்மை உண்டு. கீல், புஷ், ஸ்பிரிங், கூடுதல் இரும்பு எல்லாம் காசு, எடை. வாங்குகிறவன் கேட்காத ஒன்றை எந்த முதலாளியும் போட்டுக் கொடுக்க மாட்டான். ஆனால் மீதிப் பாதி வேறு. அந்தக் காலத்து ஸ்பிரிங் வண்டிகள் உண்மையிலேயே மோசமாகத்தான் ஓடின. நம்பிக்கை மூடநம்பிக்கை அல்ல. அனுபவத்தில் வந்தது. காரணம் என்று எதைக் கைகாட்டினார்களோ, அதில்தான் தப்பு.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு ஸ்பிரிங்கை அமுக்கி விட்டால் என்ன ஆகும்? வாங்கிய சக்தியைத் திருப்பிக் கொடுக்கும். மறுபடி அமுங்கும், மறுபடி எழும். சாலையில் ஒரு மேடு வந்தால் வண்டி ஒரு முறை குதித்தால் போதாது, நாலு முறை குதிக்கும். குதிக்கும் நேரத்தில் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்காது. அது வளைவாக இருந்தால் சொல்ல வேண்டியதே இல்லை. ஆக ஸ்பிரிங் மட்டும் போதாது. அதன் துள்ளலை அடக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பெயர்தான் டேம்பர். நாம் 'ஷாக் அப்சார்பர்' என்று சொல்வது பெயர்ப் பிழை மாதிரிதான். அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். உள்ளே எண்ணெயோடு இருக்கும் குழாயின் வேலை ஸ்பிரிங்கை அடக்குவது.

அந்தக் காலத்து டேம்பர் எண்ணெய் போட்டது அல்ல. நாலைந்து வட்டத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு போல்ட், மேலே ஒரு திருகு. திருகை இறுக்கினால் தகடுகள் உரசும், அசைவு குறையும். சஸ்பென்ஷனை 'அட்ஜஸ்ட்' செய்வது என்ற பழக்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நல்ல ரோடு என்றால் லூஸ், வேகமாகப் போக வேண்டும் என்றால் டைட். ஓட்டுகிறவர் கையாலேயே திருகிக்கொள்ளலாம்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் உரசலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு கனமான பீரோவைத் தள்ளிப் பாருங்கள். நகர ஆரம்பிக்கும் வரைதான் கஷ்டம், நகர்ந்துவிட்டால் சுலபம். உரசல் டேம்பரும் அப்படித்தான். சின்னச் சின்ன அதிர்வுக்கு அசையவே அசையாது, ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரி. பெரிய பள்ளத்தில் சக்கரம் வேகமாக எழும்போது, அடக்க வேண்டிய நேரத்தில், பிடியை விட்டுவிடும். நமக்குத் தேவை நேர் எதிரானது.

எண்ணெய் அந்த எதிரானதைச் செய்கிறது. ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை நிரப்பி மெதுவாகத் தள்ளினால் விரல் நோகாது. வேகமாகத் தள்ளினால் கட்டைவிரல் வலிக்கும். அசைவு வேகமாக ஆக எதிர்ப்பும் அதிகமாகும். முன் ஃபோர்க்கில் இந்த வேலையைச் செய்து விற்பனைக்கே கொண்டுவந்தது பி.எம்.டபிள்யூ, 1935-ல், ஆர் 12, ஆர் 17 என்ற இரண்டு மாடல்களில். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள், உள்ளே ஸ்பிரிங், எண்ணெய். இன்று நம் தெருவில் நிற்கும் கம்யூட்டர் பைக் வரை அதே டெலஸ்கோப்பிக் ஃபோர்க்தான். (டென்மார்க்கின் நிம்பஸ் ஒரு வருடம் முன்னாலேயே குழாய் ஃபோர்க் போட்டுவிட்டது. ஆனால் அதில் எண்ணெய் டேம்பிங் கிடையாது.)

இன்னொரு பிரச்சினை கீல். பின்சக்கரம் மேலும் கீழும் ஆடலாம், இடமும் வலமும் ஆடக்கூடாது. அந்தக் காலத்து மெல்லிய சட்டங்களும் சீக்கிரம் தேயும் புஷ்களும் இதைத் தாங்கவில்லை. சக்கரம் பக்கவாட்டில் ஒரு சில மில்லிமீட்டர் கோணிக்கொண்டால் கூட வேகத்தில் வண்டி பாம்பு மாதிரி நெளியும். ஓட்டுகிறவருக்கு என்ன தெரியும்? 'கெட்டிச் சட்டம் நேராகப் போகிறது, ஸ்பிரிங் சட்டம் நெளிகிறது. ஆக ஸ்பிரிங்தான் குற்றவாளி.' தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. உண்மைக் குற்றவாளிகளான பக்கவாட்டு ஆட்டமும் மோசமான டேம்பரும் சுதந்திரமாகத் திரிந்தன.

இந்தத் தீர்ப்பை முதலில் பலமாக அசைத்தவர்கள் இத்தாலிக்காரர்கள். மோட்டோ குஸ்ஸி கம்பெனியின் கார்லோ குஸ்ஸிக்கு ஜியூசெப்பே என்று ஒரு சகோதரர், பொறியாளர். அவர் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த ஒரு சட்டத்தைச் செய்தார். ஸ்பிரிங்குகள் இன்ஜினுக்கு அடியில் ஒரு பெட்டியில் படுத்திருக்கும். 'நெளியும், உடையும்' என்று சொல்கிறவர்களிடம் வாதாடிக்கொண்டிருக்காமல் 1928-ல் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு இத்தாலியிலிருந்து நார்வேயின் வட முனை வரை போய் வந்தார். மாடலுக்கு 'நார்ஜே' என்ற செல்லப் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

பயண வண்டி சரி, ரேஸுக்கு? அதற்கான பதில் 1935-ல் ஐல் ஆஃப் மேன் தீவில் கிடைத்தது. டி.டி. ரேஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: அது தனி ட்ராக் அல்ல, சாதாரண ஊர்ச் சாலை. வீடு, மதில், பாலம், மலை எல்லாம் உண்டு. ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்கும் மேல். ஏழு சுற்று. எல்லோரும் ஒன்றாகக் கிளம்ப மாட்டார்கள். அரை நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். யார் குறைந்த நேரத்தில் முடிக்கிறாரோ அவர் ஜெயித்தார்.

அந்த வருடம் சீனியர் ரேஸில் ஒரு பக்கம் இங்கிலாந்தின் நார்ட்டன், ஓட்டுகிறவர் ஸ்காட்லாந்தின் ஜிம்மி கத்ரி. கெட்டிச் சட்டம், பின்னால் ஸ்பிரிங் கிடையாது. இன்னொரு பக்கம் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்த மோட்டோ குஸ்ஸி, ஓட்டுகிறவர் அயர்லாந்தின் ஸ்டான்லி உட்ஸ். இவர் முன்னால் நார்ட்டனுக்கே ஜெயித்துக் கொடுத்தவர்தான். அதே வாரத்தில் 250 சி.சி. ரேஸையும் குஸ்ஸியில் ஜெயித்திருந்தார். மோசமான வானிலையால் சீனியர் ரேஸ் ஒரு நாள் தள்ளிப்போனது.

கத்ரிக்கு எண் 1. முதலில் கிளம்பினார். உட்ஸ் எண் 30, பதினாலரை நிமிடம் கழித்து. கடைசிச் சுற்று தொடங்கும்போது கத்ரி 26 விநாடி முன்னால். குஸ்ஸி பிட்டில் பெட்ரோல் போடத் தயாராக நின்றார்கள். அதைப் பார்த்த நார்ட்டன் ஆட்கள், உட்ஸ் நிற்கப் போகிறார், ரேஸ் நம் பையில் என்று நினைத்தார்கள். உட்ஸ் நிற்கவில்லை. பிட்டைத் தாண்டிப் பறந்துவிட்டார். பெட்ரோல் ஏற்பாடெல்லாம் சும்மா நாடகம்! கத்ரி முடித்து இறங்கி, வெற்றியாளர் என்று வாழ்த்தெல்லாம் வாங்கியாகிவிட்டது. கால் மணி நேரம் கழித்து உட்ஸ் வந்து சேர்ந்தார். கடைசிச் சுற்று மணிக்கு 86.53 மைல், புது சாதனை. மொத்த நேரத்தில் நாலே நாலு விநாடி வித்தியாசத்தில் உட்ஸ் முதல். 1911-க்குப் பிறகு பிரிட்டிஷ் அல்லாத வண்டி ஒன்று சீனியர் டி.டி.யை ஜெயித்தது அன்றுதான். 1911-ல் ஜெயித்தது யார் தெரியுமா? மேலே சொன்ன அந்த இந்தியன் கம்பெனி.

நாலு விநாடி வெற்றியை ஸ்பிரிங் மேல் மட்டும் எழுத முடியாதுதான். இன்ஜின் உண்டு, பிட் நாடகம் உண்டு, உட்ஸின் கை உண்டு. ஆனால் தோற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பது முக்கியம். 1936-ல் நார்ட்டனின் ரேஸ் வண்டிகள் பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைத்துக்கொண்டு வந்தன. அந்த வருடம் சீனியரை ஜெயித்தவர் அதே கத்ரி! இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

வேண்டும் என்றுதான் உலகம் சொன்னது. ரேஸ் வண்டிக்கு ஒரு நியாயம், ரோட்டு வண்டிக்கு ஒரு நியாயம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் தூது வீரர்கள் ஓட்டிய பி.எஸ்.ஏ. எம் 20 சுமார் 1,26,000 செய்யப்பட்டது. அத்தனையும் கெட்டிச் சட்டம். பாலைவனத்திலும் குண்டு விழுந்த ரோட்டிலும் அதை ஓட்டியவர்களின் முதுகெலும்பை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இப்போது சென்னைக்காரர்கள் நிமிர்ந்து உட்காரலாம்.

போர் முடிந்த பிறகு இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் ராயல் என்ஃபீல்டு புது 350 சி.சி. வண்டி ஒன்றைத் தயார் செய்தது. பெயர் புல்லட். பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம், இரண்டு பக்கமும் எண்ணெய் டேம்பர். இதை அவர்கள் முதலில் ஷோரூமில் காட்டவில்லை. 1948 ஆரம்பத்தில் கோல்மோர் கப் ட்ரயல் போட்டியில் இறக்கினார்கள். ட்ரயல் என்றால் வேகம் அல்ல. சேறு, பாறை, ஓடை வழியாகக் காலைத் தரையில் ஊன்றாமல் ஓட்ட வேண்டும். அங்கே கெட்டிச் சட்டம்தான் வேதம். 'ஆளின் எடை நேராகப் பின்சக்கரத்தில் இறங்கினால்தான் டயர் பாறையைப் பிடிக்கும். நடுவில் ஸ்பிரிங் வந்தால் பிடி போய்விடும்' என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. அந்தக் கூட்டத்தில் ஆடும் பின்சக்கரத்தோடு ஒரு வண்டியை இறக்கினால் எப்படிப் பார்த்திருப்பார்கள்!

நடந்தது வேறு. பாறை மேல் ஏறும்போது கெட்டிச் சட்ட வண்டியின் பின்சக்கரம் கல்லில் பட்டு மொத்த வண்டியோடு எகிறும், இறங்கும் வரை பிடி இல்லை. ஸ்பிரிங் வண்டியில் சக்கரம் மட்டும் எழுந்து கல்லைத் தழுவி இறங்கும், டயர் தரையை விடாது. அதே வருடம் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில், ஜெயித்த பிரிட்டிஷ் அணியில் இரண்டு பேர் புல்லட் ஓட்டினார்கள். சார்லி ரோஜர்ஸ், விக் பிரிட்டன். இருவருக்கும் தங்கப் பதக்கம். விக்கின் மகன் ஜானி பிரிட்டன் பிறகு 1952-ல் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரயலையே புல்லட்டில் ஜெயித்தார். 'ட்ரயலுக்கு ஸ்பிரிங் ஆகாது' என்ற வேதம் அதோடு காலி.

அந்தப் புல்லட்தான் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து உருவான என்ஃபீல்டு இந்தியா வழியாகத் திருவொற்றியூருக்கு வந்தது. முதலில் ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள், பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். எல்லைக்குப் போகும் ராணுவத்துக்கும் வண்டி போனது. கெட்டிச் சட்ட வண்டியாக இருந்திருந்தால் நம் ரோட்டில் அது இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்குமா என்பது சந்தேகமே. புல்லட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் 'டப் டப்' சத்தத்தைப் பற்றியே பேசுகிறார்கள். அதன் பின்பக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை :-)

பஞ்சாயத்தை முடித்துவைத்த பெருமை பெல்ஃபாஸ்டின் ரெக்ஸ் மெக்கேண்ட்லெஸ் என்பவருக்கு. பெரிய படிப்பு இல்லை, பள்ளியைப் பாதியில் விட்டவர். தன் ரேஸ் வண்டி ஏன் நெளிகிறது என்று தானே யோசித்து, 1944-லேயே ஸ்விங் ஆர்மும் எண்ணெய் டேம்பரும் வைத்த வண்டியைக் கட்டியவர். நார்ட்டன் அப்போது ப்ளன்ஜர் முறையில் சிக்கியிருந்தது. அதில் சக்கரத்தின் அச்சின் இரண்டு முனைகளும் தனித்தனிக் கம்பத்தில் மேலும் கீழும் சறுக்கும். ஒரு பக்கம் அதிகமாக எழுந்தால் சக்கரம் சாயும். மெக்கேண்ட்லெஸ் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரட்டைக் குழாய்ச் சட்டமும் ஸ்விங் ஆர்மும் கொண்ட புதுச் சட்டத்தைக் கொடுத்தார். ஓட்டிப் பார்த்த நார்ட்டன் வீரர் ஹரால்டு டேனியல், இறகு மெத்தையில் போகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லப்போய், சட்டத்துக்கு 'ஃபெதர்பெட்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1950 சீனியர் டி.டி.யில் முதல் மூன்று இடமும் நார்ட்டனுக்கு. முதல் இடம் ஜெஃப் ட்யூக்.

கவனியுங்கள், மெத்தை என்று பெயர் வாங்கிய வண்டிதான் அந்தக் காலத்தில் வளைவில் எல்லோரையும்விட நன்றாகத் திரும்பிய வண்டி. சொகுசு ஒரு பக்கம், பிடிமானம் ஒரு பக்கம் என்று தராசில் வைத்துப் பார்த்தது இத்தனை வருடமும் தப்பு. டயர் தரையை விடாமல் இருந்தால் இரண்டும் சேர்ந்தே வரும்.

இதன் பிறகுதான் நாம் ஆரம்பத்தில் பார்த்த வளையம். 1950-களில் கர்லிங் போன்ற பிரிட்டிஷ் கம்பெனிகளின் ஷாக் அப்சார்பர்கள் பரவின. அடியில் மூன்று படி வளையம். தனியாகப் போக ஒன்று, பில்லியனோடு இன்னொன்று, லக்கேஜும் இருந்தால் மூன்றாவது.

அந்த வளையம் செய்வது என்ன? இதில்தான் இன்றைக்கும் பாதிப் பேருக்குக் குழப்பம். 'படியை ஏற்றினால் ஸ்பிரிங் ஹார்டாகும்' என்று மெக்கானிக்குகளே சொல்வார்கள். ஆகாது. ஒரு சின்னக் கணக்கு. 10 கிலோவுக்கு ஒரு சென்டிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேலே 70 கிலோ வைத்தால் 7 சென்டிமீட்டர் இறங்கும். இப்போது அதை முன்கூட்டியே 2 சென்டிமீட்டர் அமுக்கிப் பூட்டிவிட்டால், முதல் 20 கிலோவுக்கு அது அசையாது, 70 கிலோவுக்கு 5 சென்டிமீட்டர்தான் இறங்கும். அதற்கு மேல் 10 கிலோ வைத்தால்? பழையபடி ஒரு சென்டிமீட்டர்தான். ஸ்பிரிங் மாறவில்லை, வண்டி நிற்கும் உயரம்தான் மாறியது.

உயரம்தானே என்று விட்டுவிட முடியாது. பின்னால் 60 கிலோ ஆள் ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் தாழ்கிறது, முன் ஃபோர்க் இன்னும் சாய்கிறது. ஸ்டியரிங் மந்தமாகிறது. பள்ளத்தில் விழுந்தால் அமுங்க மீதி இடம் இல்லாமல் 'டங்' என்று அடிக்கிறது. ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறது. (ராத்திரியில் எதிரே வருகிறவர் டிம் செய்யவில்லை என்று திட்டுகிறோமே, சிலர் டிம் செய்தும் அப்படித்தான் தெரியும். குற்றம் அந்த வளையத்தில்.)

இதை அளந்து பார்க்கும் பழக்கத்தை நன்றாக வளர்த்தது மோட்டோகிராஸ் உலகம். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து சீட்டுக்குக் கீழே ஏதாவது ஒரு போல்ட் வரை டேப் வைத்து அளக்க வேண்டும். பிறகு ஓட்டுகிறவர் ஏறி உட்கார, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மறுபடி அளக்க வேண்டும். வித்தியாசத்துக்குப் பெயர் 'சாக்'. மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருந்தால் சரி. ரோட்டு பைக்குக்கு 30 முதல் 40 மில்லிமீட்டர் வரை, 300 மில்லிமீட்டர் அசையும் மோட்டோகிராஸ் வண்டிக்குச் சுமார் 100. ஏன் மூன்றில் ஒன்று? மேடு வந்தால் சக்கரம் மேலே போக இடம் வேண்டும், பள்ளம் வந்தால் கீழே தேடிப் போகவும் இடம் வேண்டும். நம் ஆட்கள் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

300 மில்லிமீட்டர் என்றது சும்மா வந்த எண் அல்ல. 1970-களின் ஆரம்பத்தில் மோட்டோகிராஸ் வண்டிகளின் பின்சக்கரம் சுமார் 100 மில்லிமீட்டர்தான் அசையும். பெல்ஜியத்தின் லூசியன் டில்கென்ஸ் என்ற பொறியாளர் இரண்டு ஷாக்குக்குப் பதிலாக, சீட்டுக்கு அடியில் நீளமாக ஒரே ஒரு ஷாக்கைப் படுக்க வைத்தார். யமஹா அந்த உரிமையை வாங்கி 'மோனோகிராஸ்' என்று பெயர் வைத்தது. 1973-ல் ஸ்வீடனின் ஹோக்கன் ஆண்டர்சன் அதில் 250 சி.சி. உலகப் பட்டத்தை ஜெயித்தார். யமஹாவுக்கு மோட்டோகிராஸில் அதுதான் முதல் பட்டம். அதன் பிறகு எல்லாக் கம்பெனியும் ஓட ஆரம்பித்தது. சில வருடங்களில் அசைவு மூன்று மடங்கு. இன்று நம் தெருவில் சீட்டுக்கு அடியில் ஒற்றை ஷாக்கோடு நிற்கும் வண்டிகள் எல்லாம் அந்த வம்சம்.

அசைவு கூடியதும் புதுத் தலைவலி. டேம்பருக்குள் எண்ணெய் கொதித்து, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து நுரைத்துவிடும். நுரைக்கு எதிர்ப்பு சக்தி கிடையாது. பாதி ரேஸில் டேம்பர் செத்துவிடும். பிரான்சின் டி கார்பன் இதற்கான மருந்தை 1950-களிலேயே கண்டுபிடித்திருந்தார். எண்ணெயையும் வாயுவையும் ஒரு மிதக்கும் பிஸ்டன் வைத்துப் பிரித்து, வாயுவை அழுத்தத்தில் அடைத்துவிடுவது. நம் ஊர் விளம்பரங்களில் 'கேஸ் ஷாக் அப்சார்பர்' என்று கொட்டை எழுத்தில் வருமே, அது இதுதான். கேஸ் மேல் மிதந்து போவதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், எண்ணெய் நுரைக்காமல் இருக்க வைத்த ஏற்பாடு.

அடுத்த பிரச்சினை துளை. சாதாரண ஃபோர்க்கில் எண்ணெய் ஒரே அளவுத் துளை வழியாகப் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நாலு மடங்காகிவிடும். விளைவு, பிரேக் போடும்போது மெதுவான அசைவில் முன்பக்கம் குப்புற இறங்கும். கூர்மையான மேட்டில் இடித்தால் கல் மாதிரி கையை அடிக்கும். துளையை மூடி மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி வைத்தால், அழுத்தம் கூடும்போது தகடு வளைந்து வழி விடும். விலை உயர்ந்த ஷாக் அப்சார்பரில் நாம் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு இந்தத் தகடுகளை அடுக்கும் புத்திக்குத்தான்.

அந்தப் புத்தியை வியாபாரமாக்கியதில் ஸ்வீடனின் கென்த் ஓலின் பெயர் தனித்து நிற்கிறது. அவரே மோட்டோகிராஸ் ஓட்டியவர். 1976-ல் கம்பெனி ஆரம்பித்தார். 1978-ல் ரஷ்யாவின் கென்னடி மொய்சேயேவ் கே.டி.எம். வண்டியில் ஓலின்ஸ் ஷாக்கோடு உலகப் பட்டம் ஜெயித்தார். பிறகு யமஹா அதில் பெரும் பங்கு வாங்கி, 2007-ல் திருப்பி விற்று, இடையில் அமெரிக்காவின் டென்னெகோ கைக்குப் போய், 2025 தொடக்கத்தில் இத்தாலியின் பிரேக் கம்பெனி பிரெம்போ வாங்கிவிட்டது. ஷாக் அப்சார்பரும் பிரேக்கும் ஒரே வீட்டுக்குள். பிரேக் போடும்போது முன்பக்கம் என்ன ஆகிறது என்பதுதான் ஃபோர்க்கின் பாதிக் கதை என்பதால், கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

இந்த வகை ஷாக்குகளில் வளையத்தோடு இரண்டு சின்னத் திருகுகளும் இருக்கும். ஒன்று கம்ப்ரஷன், சக்கரம் மேலே ஏறும் வேகத்தை அடக்க. இன்னொன்று ரீபவுண்ட், திரும்பி இறங்கும் வேகத்தை அடக்க. ஒவ்வொரு திருப்பலுக்கும் 'க்ளிக்' என்று சத்தம். ரீபவுண்டை அதிகம் இறுக்கினால் ஒரு வேடிக்கை நடக்கும். தொடர்ச்சியான மேடுகளில் ஒவ்வொரு முறை அமுங்கிய ஸ்பிரிங் முழுதாக எழுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக வண்டி இறங்கி, கடைசியில் 1920-களின் கெட்டிச் சட்டமாகவே மாறிவிடும். ஓட்டுகிறவர் 'ஹார்டாக இருக்கிறதே' என்று ஸ்பிரிங்கைக் குறை சொல்வார். பழைய தீர்ப்பு, பழைய தப்பு.

2004-ல் பி.எம்.டபிள்யூ இந்தத் திருகுகளுக்கு மோட்டார் வைத்து ஹேண்டில்பாரில் பட்டன் கொடுத்துவிட்டது. 2012-ல் அறிமுகமான அவர்களுடைய ஹெச்.பி. 4 வண்டியில் பட்டன் கூட அழுத்த வேண்டாம். சென்சார் பார்த்து, ஓடும்போதே டேம்பிங்கை மாற்றிக்கொள்ளும். அதே ஆண்டு டுகாட்டியும் தன் மல்டிஸ்ட்ராடாவுக்கு அப்படி ஒன்றை அறிவித்தது.

ஆனால் மோட்டோ ஜி.பி. ரேஸில் இந்த எலக்ட்ரானிக் சஸ்பென்ஷனுக்கு அனுமதி இல்லை. உலகத்திலேயே வேகமான பைக்குகள் அவை. அங்கே வீரர் பிட்டுக்குத் திரும்பி, ஹெல்மெட்டைக் கழற்றி, ஐந்தாவது வளைவில் முன்பக்கம் எப்படி இருந்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். பக்கத்தில் சஸ்பென்ஷன் டெக்னீஷியன் கேட்டுக்கொண்டே நோட்டில் எழுதுகிறார். பிறகு குனிந்து, திருகை ஒரு க்ளிக் திருப்புகிறார்.